ஆறாம் அத்தியாயம்: கேம் மாறினால் செட்டிங் மாறும்

யூரோ டிரக் சிமுலேட்டரில் பஸ் மோடு போட்டு ஓட்டும்போது நல்ல கனமாக இருந்த ஸ்டியரிங், எஃப்1 கேமுக்கு மாறியதும் செத்துப்போனது போலத் தோன்றும். அசெட்டோ கோர்சாவைத் திறந்தால் நேர் ரோட்டிலேயே இடமும் வலமும் தானாக ஆடும். உடனே மோட்டார் போய்விட்டது என்று வீலைப் பையில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு ரிப்பேர் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் வீலில் ஒரு கோளாறும் இருக்காது. ஸ்டியரிங்குக்கு அனுப்பும் விசையை, அதாவது ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை, கணக்கிடும் விதம் கேமுக்குக் கேம் வேறு. ஒன்றில் 70 என்று வைத்த எண்ணுக்கு இன்னொன்றில் அதே பொருள் கிடையாது.

யூடியூபில் ஒருவர் காட்டும் எண்களை அப்படியே தட்டி வைப்பதும் இதே காரணத்தால் சரிவராது. அவர் வீல் வேறு, மேசை வேறு, ஓட்டும் கார் வேறு. எண்ணை விட்டுவிட்டு முறையைக் கற்றுக்கொண்டால் நாளைக்கு வரும் புது கேமுக்கும் அது உதவும்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத்தடம் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் கார், டயர், பெட்ரோல், லைசென்ஸ் என்று கணக்குப் போட்டால் அந்தத் தூரம் பல மடங்காகிவிடும். கைமாறி வந்த ஒரு லாஜிடெக் ஜி29 வீலும் ஓரளவு ஓடும் கம்ப்யூட்டரும் இருந்தால், காரின் முன் டயர் எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதை வீட்டிலேயே கற்கலாம். அதற்கு ஸ்டியரிங் உண்மை பேச வேண்டும். அதைப் பேச வைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

6.1 ஸ்டியரிங் என்ன சொல்கிறது?

வளைவில் திருப்பிய ஸ்டியரிங்கின் மேல் பிடியைத் தளர்த்தினால் அது தானே நேராகும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய டிராக்டரையோ அம்பாசிடரையோ ஓட்டியவர்களுக்கு இது கைப்பழக்கம். காரணம் டயரின் அடியில் இருக்கிறது. வளைவில் போகும்போது ரோட்டைத் தொடும் ரப்பர் பக்கவாட்டில் திரிகிறது. அப்போது பிறக்கும் பக்கவாட்டு விசை, தொடும் பகுதியின் நடுவில் விழாமல் சற்றுப் பின்தள்ளி விழுகிறது. அந்தச் சிறு இடைவெளிதான் சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. சஸ்பென்ஷனின் சாய்வும் அதோடு சேர்ந்துகொள்கிறது. பல கேம்களின் மெனுவில் ‘செல்ஃப் அலைனிங் டார்க்’ என்று வருவது இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்பினால் இந்த விசை ஓர் அளவுவரை ஏறும். பிறகு இறங்கத் தொடங்கும். அது இறங்கத் தொடங்குவது, டயர் தன் முழுப் பிடியை எட்டுவதற்குச் சற்று முன்னால். அதாவது, வளைவின் நடுவில் ஸ்டியரிங் கையில் மெல்ல லேசாகிறது என்றால் முன் டயர் எல்லையை நெருங்கிவிட்டது என்று பொருள். அந்த நொடியில் இன்னும் திருப்புவது வீண். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலோ, ஸ்டியரிங்கை இம்மியளவு நேராக்கினாலோ பிடி திரும்பும்.

பின் டயர் வழுக்கும்போது செய்தி வேறு மாதிரி வரும். கார் போகும் திசையை நோக்கி முன் சக்கரம் தானே திரும்பப் பார்க்கும். ஸ்டியரிங் கையிலிருந்து எதிர்ப்பக்கம் ஓடும். அதோடு சண்டை போடாமல் ஓட விட்டு, பிறகு பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு செய்திகளும் தெளிவாக வந்தால் செட்டிங் சரி. வீல் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பது அடுத்த பிரச்சினை.

6.2 கேமைத் திறப்பதற்கு முன்

மேசை: பிளாஸ்டிக் மேசையில் வீலைப் பூட்டினால் சின்னச் சின்ன விசையையெல்லாம் மேசையே தின்றுவிடும். கனமான மரமேசை அல்லது வெல்டிங் பட்டறையில் அடித்த இரும்பு ஸ்டாண்டு வேண்டும். கிளாம்ப் வழுக்கினால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி இடையில் வையுங்கள். சக்கரம் வைத்த நாற்காலி பிரேக் மிதிக்கும்போது பின்னால் ஓடும். சாதாரண நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள்.

கரண்ட்: யூஎஸ்பி ஒயர் மட்டும் போதாது. ஜி29, ஜி923 வீல்களுக்குத் தனி 24 வோல்ட் அடாப்டர் உண்டு. அதைச் செருகாவிட்டால் விசையே வராது. செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது அடாப்டரும் அதற்குரியதுதானா என்று பாருங்கள். பின் பொருந்துகிறது என்பதற்காக வேறு வோல்ட் அடாப்டரைச் செருகக் கூடாது. பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கும் ஊர்களில், அடாப்டரின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 100–240 என்று இருந்தால் லோ வோல்ட்டேஜால் விசை குறையாது. ஆனால் லூசான எக்ஸ்டென்ஷன் பாக்ஸால் வீல் நடுவில் துண்டிக்கப்படும்.

கரண்ட் போய் வந்ததும் வீல் தன்னைத்தானே இரண்டு பக்கமும் முழுக்கச் சுற்றி நடுவைக் கண்டுபிடிக்கும். அப்போது யாரும் பிடிக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் முதலில் அவர்களை நகர்த்துங்கள். யாராவது பிடித்திருந்தால் நடு தவறி, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே கார் ஒரு பக்கம் இழுக்கும். ஒயரைக் கழற்றி மறுபடி செருகினால் சரியாகிவிடும்.

டிரைவர் சாஃப்ட்வேர்: லாஜிடெக்கின் ஜி ஹப்பில் சென்சிடிவிட்டி 50, சுழற்சி 900 டிகிரி, சென்டரிங் ஸ்பிரிங் ஆஃப். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். அந்த ஸ்பிரிங் ஆனில் இருந்தால், டயரில் எது நடந்தாலும் வீல் ஒரே மாதிரி நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும், 6.1இல் சொன்ன லேசாவது உங்கள் கைக்கு வரவே வராது. திரஸ்ட்மாஸ்டர் வீல்களில் மொத்த வலு 75 சதவீதத்தில் தொடங்கட்டும். ஆட்டோ சென்டரைக் கேமே தீர்மானிக்கும்படி விடுங்கள். இங்கே ஒருமுறை வைத்ததைப் பிறகு தொடாதீர்கள். டிரைவரிலும் கேமிலும் மாறி மாறிக் கை வைத்தால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

6.3 நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்

கெயின்: மொத்த விசையின் அளவு.

கிளிப்பிங்: கோயில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினால் பாட்டு பெரிதாகக் கேட்கும், சொல் புரியாது. வீலுக்கும் அப்படித்தான். மோட்டாரால் தர முடிந்ததைவிடக் கூடுதலாகக் கேம் கேட்டால், மோட்டார் உச்சியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் நடக்கும் ஏற்ற இறக்கம் எதுவும் கைக்கு வராது. ஜி29 வகையின் அதிகபட்ச விசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். ஸ்டியரிங்கின் விளிம்பில் ஒன்றரைக் கிலோ எடை இழுப்பது போன்ற அளவுதான் அது. ஸ்டியரிங் நேரே மோட்டாரில் பூட்டப்பட்ட டைரக்ட் டிரைவ் வகையில் சிறிதான மோசா ஆர்5 5.5 நியூட்டன் மீட்டரும், ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டரும் தரும். நிஜப் பந்தயக் கார் இவற்றையெல்லாம் தாண்டிப் போகும். ஆகவே சின்ன வீலில் நிஜக் காரின் கனத்தைத் தேடுவதை விட்டுவிடுங்கள். ஏற்ற இறக்கத்தை, அளவைச் சுருக்கி, முழுதாகப் பெற்றால் போதும்.

மினிமம் ஃபோர்ஸ்: ஜி29 போன்ற கியர் வகை வீல்களில் பற்களுக்கிடையே கொஞ்சம் இடைவெளி இருக்கும், உராய்வும் இருக்கும். மிகச் சிறிய விசை அதிலேயே தொலைந்துபோகும். அதனால் நடுப்பகுதியில் ஸ்டியரிங் உயிரில்லாமல் தொளதொளவென்று இருக்கும். அந்த இழப்பை ஈடுகட்ட, எவ்வளவு சிறிய விசை வந்தாலும் இந்த அளவாவது கொடு என்று கேமிடம் சொல்வதே மினிமம் ஃபோர்ஸ். கியர் வகைக்கு இது அதிகம் வேண்டும். பெல்ட் வகைக்குக் கொஞ்சம். டைரக்ட் டிரைவுக்குச் சுழியம் அல்லது அதை ஒட்டி.

டேம்பிங்: ஸ்டியரிங் வேகமாகச் சுற்றுவதைத் தடுக்கும் எதிர்ப்பு. ஆட்டத்தை அடக்கும், கூடவே நுட்பமான செய்தியையும் அடக்கும். கியர் வகையில் ஏற்கெனவே உராய்வு இருப்பதால் முதலில் சுழியத்தில் வையுங்கள்.

6.4 எந்தக் கேமுக்கும் பொருந்தும் முறை

ஒரே கார், ஒரே தடம், எஞ்சிய எதுவும் மாறக் கூடாது. ரொம்ப வேகமான கார் வேண்டாம். அசெட்டோ கோர்சாவில் பழைய பிஎம்டபிள்யூ எம்3 இ30 காரும் மஜியோனே தடமும் இதற்குப் பொருத்தம். தடம் சிறியது, வளைவுகள் அடுத்தடுத்து வரும், காரின் பிடி குறைவு என்பதால் எல்லை சீக்கிரம் தெரியும்.

முதல் படி: எஃபெக்ட் என்ற பெயரில் இருக்கும் எல்லாவற்றையும், அதாவது கெர்ப், ரோடு, ஸ்லிப், எஞ்சின் அதிர்வு ஆகியவற்றைச் சுழியத்தில் வையுங்கள். இவற்றில் பெரும்பாலானவை டயரின் கணக்கிலிருந்து வராதவை. மேலே தூவப்பட்ட அதிர்வுகள்.

இரண்டாம் படி: மினிமம் ஃபோர்ஸ். நீளமான நேர்ப்பகுதியில் மிதமான வேகத்தில் போய், ஒரு நொடி பிடியைத் தளர்த்துங்கள். ஆட்டம் இல்லையென்றால் ஓரிரு புள்ளி ஏற்றுங்கள். இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து இரண்டு மூன்று புள்ளி இறக்கி நிறுத்துங்கள். ஜி29 வகையில் இது பெரும்பாலும் 10க்கும் 20க்கும் இடையில் அமையும்.

மூன்றாம் படி: கெயின். தடத்திலேயே வேகமான, நீண்ட வளைவைத் தேர்ந்தெடுங்கள். அங்கேதான் விசை உச்சத்துக்குப் போகும். கிளிப்பிங் காட்டும் பட்டை இருந்தால் அதைப் பாருங்கள். வளைவு முழுக்கச் சிவப்பில் நின்றால் கெயினைக் குறையுங்கள். கெர்ப் மேல் ஏறும் நொடியில் மட்டும் சிவப்பு மின்னினால் பரவாயில்லை. பட்டை இல்லாத கேமில் கையை நம்புங்கள்: அதே வளைவில் வேண்டுமென்றே கூடுதலாகத் திருப்புங்கள். கனம் ஏறி, பிறகு இறங்கினால் சரி. ஏறியது அப்படியே கல்லாக நின்றால் கிளிப்பிங்.

நான்காம் படி: இப்போது எஃபெக்டுகளை ஒவ்வொன்றாக, சிறிதளவு கொண்டுவாருங்கள். ஒன்றைக் கூட்டியபின் வளைவில் லேசாவது தெரியாமல் போனால் அது அதிகம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது சலிப்பான வேலைதான். பக்கத்தில் நின்று பார்க்கும் தம்பி, “வீல் வெயிட்டாவே இல்லண்ணே, ஏத்தி விடுங்க” என்பான். ஏற்றினால் அவனுக்குப் பிடிக்கும். உங்களுக்கு முன் டயர் தெரியாமல் போகும். “நீ ஒரு சுத்து ஓட்டிப் பாருடா” என்று அவனிடம் கொடுங்கள்.

6.5 கேம் வாரியாக

அசெட்டோ கோர்சா (2014): இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி உருவாக்கியது. சஸ்பென்ஷன், டயர் கணக்கிலிருந்தே விசை வருவதால் கற்றுக்கொள்ள இதுவே நல்ல பள்ளி. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். டிரைவரிலும் கேமிலும் 900 டிகிரி வையுங்கள். ஃபில்டர் சுழியம். பெடல்களைக் காட்டும் சிறிய ஆப்பில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டையும் சேர்ந்தே இருக்கும். கிளிப்பிங் வந்தால் அது சிவக்கும். காருக்குக் கார் கனம் மாறும் என்பதால் மொத்தக் கெயினைத் தொடாமல், ஓட்டும்போதே நம்பர் பேடின் கூட்டல், கழித்தல் பொத்தான்களால் அந்தக் காருக்கு மட்டும் ஏற்றி இறக்கலாம். இந்த ஒரு வசதியைப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

அசெட்டோ கோர்சா கம்பெட்டிசியோனே (2019): பெரும்பாலும் ஜிடி3, ஜிடி4 கார்கள்தான் என்பதால் ஒருமுறை சரிசெய்தால் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். டைனமிக் டேம்பிங்கை 100இல் விட்டுவிடுங்கள்; அது வேகத்துக்கு ஏற்ப ஆட்டத்தை அடக்குவது, உணர்வைக் கெடுக்காது. ரோடு எஃபெக்ட் குறைவாக இருக்கட்டும்.

ஐரேசிங் (2008): மாதச் சந்தா உண்டு, ஆன்லைன் பந்தயமே உயிர். இங்கே விசை நியூட்டன் மீட்டரிலேயே கணக்கிடப்படுகிறது. சில சுற்றுகள் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, ஃபோர்ஸ் ஃபீட்பேக் கட்டத்தில் ‘ஆட்டோ’வை அழுத்தினால் அந்தக் காரின் உச்ச விசைக்கு ஏற்ப அதுவே அளவை வைத்துவிடும். மெதுவாக ஓட்டிவிட்டு அழுத்தினால் தவறான அளவு வரும். கார் மாறினால் மறுபடி அழுத்துங்கள். நெட் மெதுவாக இருப்பதால் ஸ்டியரிங் உணர்வு கெடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. விசை உங்கள் கம்ப்யூட்டரிலேயே கணக்கிடப்படுகிறது. நெட் மந்தமானால் எதிராளிகளின் கார்தான் குதிக்கும்.

எஃப்1 கேம்கள்: கோட்மாஸ்டர்ஸ் தயாரிப்பு. நிஜ எஃப்1 ஸ்டியரிங் குறைவாகவே திரும்பும். 360 டிகிரியில் தொடங்குங்கள். பஸ் ஓட்டிய 900 டிகிரியோடு வந்தால் வளைவு முடிந்தபிறகும் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். கெர்ப், தடத்துக்கு வெளியே ஆகிய எஃபெக்டுகள் தொடக்கத்தில் தாராளமாக இருக்கும். அவற்றைக் குறைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். ‘அண்டர்ஸ்டியர் என்ஹான்ஸ்’ என்ற தேர்வு, முன் டயர் வழுக்கும்போது வீலை வேண்டுமென்றே கூடுதலாக லேசாக்கும். சின்ன வீல் வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

டர்ட் ரேலி 2.0 (2019): மண், சரளை, தார் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். சரளையில் பிடி குறைவு என்பதால் விசையும் குறைவு. அங்கே திருப்தியாக இருக்கும்படி ஏற்றிவிட்டுத் தார் ரோட்டுக்கு வந்தால் கிளிப்பிங் வரும். தாரில் சரிசெய்து, அதையே சரளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அலைனிங் டார்க்கை முன்னிறுத்தி, மோதல் அதிர்வை நன்றாகக் குறையுங்கள். மரத்தில் மோதும்போது கட்டை விரலுக்கு அது நல்லது. ரேலிக்கு 540 டிகிரி வசதி.

ஃபோர்சா ஹொரைசன் 5 (2021): கன்ட்ரோலரில் ஆடுபவர்களையும் மனத்தில் வைத்துச் செய்தது. மெனுவில் சென்டர் ஸ்பிரிங், டேம்பர், மெக்கானிக்கல் டிரெயில் என்று பல வரிகள் வரும். சென்டர் ஸ்பிரிங்கை முதலில் குறையுங்கள். மெக்கானிக்கல் டிரெயில்தான் சஸ்பென்ஷன் சாய்வால் வரும் விசை. அதை அதிகமாக ஏற்றினால் ஸ்டியரிங் லேசாவது மறைந்துவிடும்.

கிரான் டூரிஸ்மோ 7 (2022): பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு. ஜி29 இதில் ஓடும்; ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கானது, இதில் ஓடாது. வாங்கும்போதே கவனியுங்கள். செட்டிங் இரண்டே வரி: அதிகபட்ச டார்க், சென்சிடிவிட்டி, இரண்டும் 1 முதல் 10 வரை. டார்க்கை நடுவில் வைத்து, மேலே சொன்ன வளைவுச் சோதனையைச் செய்து பாருங்கள்.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 (2012): செக் நாட்டின் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் தயாரிப்பு. நம் பக்கத்தில் இதை டிரக்குக்காக அல்லாமல், தமிழ்நாட்டு அரசுப் பேருந்து மோடு போட்டு ஓட்டவே வாங்குபவர்கள் உண்டு. 900 டிகிரி முழுக்க வையுங்கள். நிஜ பஸ் ஸ்டியரிங் இதைவிடவும் கூடுதலாகச் சுற்றும். இங்கே பந்தயக் கேம் போலப் பிடியின் எல்லையைத் தேட வேண்டியதில்லை. கேமின் சென்டரிங்கை மிதமாக வைத்தால் திருப்பிய ஸ்டியரிங் நிதானமாக நேராகும். எஞ்சின் அதிர்வு ஐடிலில் நின்றிருக்கும்போது இதமாக இருக்கும். மூன்று மணி நேரம் ஓட்டினால் கை மரத்துவிடும். பாதிக்குக் கீழேயே வையுங்கள். மோடு செய்தவர் எழுதிய அளவுகளைப் பொறுத்தே பஸ்ஸின் குணம் அமையும் என்பதால், மோடு மாறினால் உணர்வும் மாறும்; அதற்காகக் கெயினைக் குற்றம் சொல்லாதீர்கள்.

6.6 கோளாறும் காரணமும்

நேர்ப்பகுதியில் ஆடுகிறது: மினிமம் ஃபோர்ஸ் அதிகம். இறக்கியும் நிற்காவிட்டால் டேம்பிங்கைச் சிறிது கூட்டுங்கள்.

நடுவில் தொளதொளவென்று இருக்கிறது: மினிமம் ஃபோர்ஸ் குறைவு, அல்லது கிளாம்ப் லூஸ். முதலில் கிளாம்பைப் பாருங்கள்.

எல்லா வளைவும் ஒரே கனம்: கிளிப்பிங், அல்லது டிரைவரில் சென்டரிங் ஸ்பிரிங் ஆனில் இருக்கிறது.

கடகடவென்ற சத்தம்: கியர் வகையில் ரோடு எஃபெக்டைக் குறைத்தால் அடங்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுத்த அறையில் தூங்குபவர்களுக்கும் அது நல்லது.

கத்திரி வெயிலில் அரை மணி நேரத்தில் விசை தளர்கிறது: மோட்டார் சூடு. பெல்ட் வகை சிலவற்றில் இது தெளிவாகத் தெரியும். கேமில் கெயினைப் பத்து புள்ளி இறக்குங்கள். உள்ளே இருக்கும் ஃபேனுக்குக் காற்று போகும் துளைகளைத் துணியாலோ சுவராலோ அடைக்காதீர்கள்.

திசை தலைகீழாக இருக்கிறது, ஸ்டியரிங் நடுவை விட்டு ஓடுகிறது: கேமில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் தலைகீழாகியிருக்கிறது. ‘இன்வர்ட்’ தேர்வை மாற்றுங்கள்.

6.7 எழுதி வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு கேம். டிரைவர் எண்கள், சுழற்சி, கெயின், மினிமம் ஃபோர்ஸ், டேம்பிங், எஃபெக்டுகள், சோதித்த காரும் தடமும், தேதி. கேம் அப்டேட் ஆனபின் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்புவது உண்டு. நோட்டு இருந்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடி வைத்துவிடலாம். ஒரே வீலை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு புரொஃபைல் சேமித்து, பெயரையும் போட்டுவிடுங்கள்.

ஒரு கேமுக்கு எழுதிய எண்கள் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகும் மாற்றத் தோன்றாமல் நின்றால் மெனுவை மூடிவிடுங்கள். அதன்பிறகும் சுற்று நேரம் குறையவில்லை என்றால் குறை ஸ்டியரிங்கில் இல்லை. பெரும்பாலும் பிரேக் மிதிக்கும் காலில் இருக்கும். பெடல்களை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.